அனுப்பியவரிடம் மீண்டும் கேட்கவும்

பேக்கப் எதுவும் கிடைக்கவில்லை என்று மூன்றாவது தடவையாகவும் சொல்லிவிட்டது அந்தப் புதுப் போன். சொன்னதோடு நிற்காமல் கீழே 'தவிர்' என்று ஒரு பொத்தானையும் காட்டியது. அழுத்தினால் தீர்ந்தது வேலை. துளசிமணி அழுத்தவில்லை, ஆனால் அழுத்தினால் என்ன என்று ஒரு நொடி விரல் அங்கே போய் நின்றது நிஜம், நின்றதைப் பார்த்துவிட்டு அவளே பதறி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் மகள் தாரணி எழுதிவைத்துவிட்டுப் போன தாள் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் படபடத்தது. ஒண்ணு, ஆப்பை எடுத்துட்டு மறுபடி போடு. ரெண்டு, உன் நம்பரைக் குடு. மூணு, மீட்டெடுன்னு வரும், அழுத்து. நாலு, வரலைன்னா எனக்குக் கூப்பிடு, நீயா எதையும் அழுத்தாத. நீயா என்பதற்குக் கீழே கோடு வேறு. எதுக்குடி கோடு, நான் என்ன பச்சைக் குழந்தையா என்று ரோஷம் வந்தது, வந்த வேகத்தில் அடங்கியும் போனது, மகள் கோடு போட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ அவளுக்குத் தெரியும். தாரணி கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீலம்மா ஆபீசுக்குப் போயிருக்கிறாள், நாலு மணிக்கு வந்துவிடுவாள், இப்போது இரண்டேகால். நாளைக்குப் பத்தரைக்கு வாய்தா. மனுப் போட்டது மாப்பிள்ளை நவநீதன். சேர்ந்து வாழ வேண்டுமாம். நாலு வருசத்தில் ஒரு நாள்கூடப் பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லையாம், அவளாகத் திமிரெடுத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம், புத்தி சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டுமாம். கை நீட்டியதில்லையாம், அடப் பாவி! அடிச்சப்ப யாருகிட்டயாவது சொன்னியாம்மா என்று வக்கீலம்மா கேட்டதற்குத் தாரணி திரும்பிக்கூடப் பார்க்காமல், எங்கம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன், எல்லாம் வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன் என்றாள். அவளுடைய போனை அவன் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டான். மிச்சம் இருந்தது அம்மாவின் போன். அதைக் கொண்டுவாங்க, அது இல்லைன்னா ஜட்ஜ் சமாதானமாப் போகச் சொல்லித்தான் அனுப்புவாரு என்றார் வக்கீலம்மா. அந்தப் போன்தான் போன வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது.

விழுந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். காலையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம், இடுப்பில் செருகியிருந்த போன், தொட்டி மூடியைத் தூக்கக் குனிந்தாள், குனிந்ததும் நழுவியது. இதில் பொய் ஒன்றும் இல்லையே. ஆனால் இடுப்பில் இருந்ததா கையில் இருந்ததா என்று இரண்டு நாளாகக் குடைகிறது. கையில் இருந்த மாதிரியும் இருக்கிறது. தண்ணீருக்குள் போன் கீழே கீழே போனபோது வெளிச்சம் அணையாமல் இருந்ததை அவள் நின்று பார்த்தாள், உடனே கையை விட்டு எடுத்திருக்கலாம், முழங்கை ஆழம்தான், எடுக்கவில்லை, வெளிச்சம் அணைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அய்யோ, இதை யாரிடம் சொல்வது. தாரணி வந்து, என்னம்மா ஆச்சு என்று கேட்டபோது, நழுவிருச்சு கண்ணு என்று சொன்ன குரல் அவளுக்கே நடிப்பாகக் கேட்டது. ரிப்பேர்க் கடைக்காரன் போர்டே போயிருச்சுங்கக்கா என்றான். மனசு ஒரு துளி லேசானது. லேசானதே, அது எதற்காம்? பெற்ற பெண்ணைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்ப ஆசையா? சத்தியமாக இல்லை. தாரணி வந்து இறங்கிய அன்றைக்கு முழங்கைக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாக இருந்ததைப் பார்த்து வயிறு எரிந்தவள்தானே அவள். அப்புறம் எதற்கு லேசானது? பேக்கப்னு ஒண்ணு இருக்கும்மா, எல்லாம் மேல பத்திரமா இருக்கும், வேற போன்ல எறக்கிக்கலாம் என்று தாரணி சொன்னதும் அந்த லேசு போன இடம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ மிக்சி ஓட்டினார்கள். நிறுத்தினார்கள். மறுபடி ஓட்டினார்கள். புதுப் போனுக்கு அவள் கைரேகையும் பிடிக்கவில்லை, தேய்ந்துபோன விரலை நாலு தடவை வைத்தாலும் உதறி உதறிக் காட்டியது, இவளும் விடாமல் வைத்தாள்.

பழைய அக்கவுண்டைப் போடாமல் பேக்கப் எப்படி வரும் என்று நாலாவது தடவையில்தான் உறைத்தது. கடைக்காரன் புதுசாக ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். பழையதை யார் போட்டது? அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைப்பு கேட்கிறதா? தலை தீபாவளிக்கு வந்தபோது நவநீதன்தான் அந்தப் போனைக் கொண்டுவந்து கொடுத்தான், அத்தைக்கு என் சார்புல ஒரு சின்னப் பொருளுங்க என்று. ஊரில் எந்த மாப்பிள்ளை மாமியாருக்குப் போன் வாங்கித் தருகிறான், வாங்கிக்கொள்ளத்தான் வருவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புது வேட்டியோடு சோபாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவனே அக்கவுண்டு போட்டான், பாஸ்வேர்டு போட்டான், கல்யாணத் தேதியே வெச்சிருக்கேனுங்கத்தை, மறக்கவே மறக்காது என்றான். அவள் உருகிப்போய்விட்டாள். தெரு முழுக்கச் சொன்னாள், எங்க மாப்ளை தங்கமுங்க என்று. தாரணி சமையலறை நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, அப்போதே அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதாவது இருந்ததா? இருந்திருக்கும். அவள் பார்த்தது போனை. இப்போது அந்தக் கல்யாணத் தேதியை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள், ஆவணி முகூர்த்தம், மண்டபத்தில் கூட்டம் தாங்கவில்லை, தட்டத் தட்ட நாக்கில் கசந்தது. பாஸ்வேர்டு சரிதான். ஆனால் புதுப் போனிலிருந்து நுழைகிறீர்களாம், நீங்கள்தானா என்று உறுதி செய்ய வேண்டுமாம், நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஆறு இலக்க ரகசிய எண் அனுப்பியிருக்கிறார்களாம். நாற்பத்தேழு. சிம்மில் இருந்த பெயர்களைத் திறந்தாள். முதல் பெயர், எல்லாருக்கும் மேலே, 'அ மாப்பிள்ளை', கடைசி இரண்டு எண் நாற்பத்தேழு. அவசரத்துக்குத் தேடாமல் உடனே கிடைக்க வேண்டும் என்று பெயருக்கு முன்னால் ஓர் 'அ' போட்டுவைத்தவள் அவளேதான். பெற்ற மகள் 'த'வில் எங்கேயோ கீழே கிடந்தாள்.

தாரணியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். நாலாவது வரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கேட்டால் வேண்டாம்மா, அவன்கிட்ட போய் நிக்காத என்பாள், அதோடு முடியும், பேக்கப் வராது, யாரும் குறை சொல்ல முடியாது. முடியட்டுமே? இல்லை. நாளைக்குப் பத்தரை மணி. சமாதானமாகப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பெண் மறுபடி அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அவள் 'அ'வை அழுத்திவிட்டாள். மணி போகப் போகச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்துக்கொண்டாள், டேய், நீயெல்லாம் மனுசனாடா, என்ற புள்ளையை மாட்டை அடிக்கற மாதிரி அடிச்சிட்டு, விளங்குவியாடா நீ. எடுத்துவிட்டான். வாய் இருக்கிறதே வாய், "மாப்ளைங்களா? நானுங்க, அத்தை பேசறேன். நல்லா இருக்கீங்களா?" என்றது. நிறுத்தியிருக்கலாம், "சாப்பிட்டாச்சுங்களா?" என்றும் கேட்டது. "ஆச்சுங்கத்தை, நீங்க?" என்றான் அவன், குரலில் ஒரு பிசிறு இல்லை, தலை தீபாவளிக்கு வந்த அதே குரல். "ஆச்சுங்க. ஒண்ணுமில்லீங்க, உங்க போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்குமுங்க..." "வந்திருக்குதுங்க. புதுப் போனுங்களா? பழசு என்னாச்சுங்க?" "தண்ணியில விழுந்துருச்சுங்க." "அடடா" என்றான். சிரித்தானா? சிரித்த மாதிரி இருந்தது. "எழுதிக்கங்கத்தை. ஆறு, ஒண்ணு, எட்டு. சைபர், மூணு, எட்டு." மறுப்பான், கெஞ்ச வேண்டும், அவள் மறுபடி தாழ்ந்து போக வேண்டும் என்றெல்லாம் தயாராக இருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தருகிறான்? தாரணியின் தாளிலேயே ஓரத்தில் எழுதினாள். அப்புறம்தான் அவன் சொன்னான், "வந்துருச்சுன்னா வக்கீலம்மாகிட்ட முழுசாவே காட்டுங்கத்தை. நீங்க எழுதுனதையும் சேர்த்து. நல்ல புத்திதான் சொல்லியிருக்கீங்க. உங்க பேச்சைத் தாரணி கேட்டிருந்தா இத்தனை தூரம் வந்திருக்காதுங்க." அவள், "சரிங்க மாப்ளை, வெச்சிரட்டுங்களா?" என்றாள். வெச்சிரட்டுங்களாவாம்! இன்னும் அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள், தூ, என்ன ஜென்மம் இது என்று தன்னையே சொல்லிக்கொண்டு ஆறு எண்ணையும் தட்டினாள்.

பேக்கப் கிடைத்தது. மீட்டெடுக்கிறது. பச்சைக் கோடு இடது ஓரத்தில் ஒரு நகம் அளவுக்கு வந்து நின்றது, அதையே பார்த்தாள். படித்திருக்கிறான். நல்ல புத்தி சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும், படித்திருக்கிறான். எப்போது? வேறு எப்போது, பொங்கலுக்கு வந்தபோதுதான். ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்பான், குடுங்கத்தை, ஸ்லோவா இருக்குமே என்று, அவளே கொடுப்பாள், மாப்ளை, சும்மா சுத்திக்கிட்டே நிக்குதுங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க என்று ஆரத்தித் தட்டை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் கொடுப்பாள். அவன் போனைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் நாட்டுக்கோழிக் குழம்பில் தொடைக்கறியாகத் தேடி அவன் இலையில் வைப்பாள். பொங்கலுக்கும் வைத்தாள். தாரணி அன்றைக்கு முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள், வேர்த்துக் கொட்டியது அந்தப் பெண்ணுக்கு, பேனுக்கடியில உக்காரு கண்ணு என்றாளே தவிரக் கையை எதுக்கு மூடியிருக்க என்று கேட்டாளா? தெரியும், அதனால் கேட்கவில்லை. தெரியாதவள் கேட்டிருப்பாள். குப்பை நிறைய சேந்துருச்சுங்கத்தை, எல்லாத்தையும் எடுத்துட்டேன், இனிமே பறக்கும் பாருங்க என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். பறந்தது. மகராசன் என்றாள். கோடு பாதிக்கு வந்தது. நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது, நகரவே இல்லை. சரி, படிக்கட்டும், படித்தால் என்ன, தாரணியின் குரல் வந்துவிட்டால் போதும், முதல் வருசத்துக் குரல், அம்மா அவரு காலையில என்ன பண்ணாரு தெரியுமா என்று அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவாளே, அது. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, குக்கர் சத்தத்துக்குள் மறைத்து, காதோடு வைத்துக் கேட்பாள். கேட்டுவிட்டுப் பதில் தட்டுவாள். கார்த்திகை வரைக்கும் கேட்டாள். கார்த்திகை கடைசியில் பவானியில் ஒரு வளைகாப்பு, பட்டுச்சேலை, சொந்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும்போது மடியில் போன் அதிர்ந்தது, தாரணி, மூன்று நிமிசம் பன்னிரண்டு செகண்டு. அவ்வளவு நீளமாக அவள் அதுவரை அனுப்பியதில்லை. என்ன கணக்கு இது, மூணு பன்னெண்டு, மூணு பன்னெண்டு என்று அந்த நீளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதில் எழுதினாள். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுக் கேட்கலாம். நாளைக்குக் கேட்கலாம். கேட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே, வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும், வண்டி பிடித்துப் போக வேண்டும், கூட்டி வர வேண்டும், தெருவுக்குத் தெரியும். இத்தனை மாசத்தில் அவள் அதைக் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் தாரணியும் பேசி அனுப்பவில்லை, சரிம்மா, ம், சாப்பிட்டேன்மா, அவ்வளவுதான்.

நூறு என்றது. ஆயிரத்துச் சொச்சம் செய்திகள் மீட்கப்பட்டன என்றது. அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தவள் தாரணியின் பெயரைத் திறந்தாள். வந்திருக்கிறது, எல்லாம் வந்திருக்கிறது, தேதி வாரியாக, குரல் வந்த இடத்தில் எல்லாம் அந்தச் சின்ன முக்கோணம். முதல் முக்கோணத்தை அழுத்தினாள். இந்த ஆடியோ இந்தச் சாதனத்தில் இல்லை, அனுப்பியவரிடம் மீண்டும் கேட்கவும் என்று ஒரு பெட்டி எழும்பி வந்தது. அடுத்தது. மீண்டும் கேட்கவும். அதற்கடுத்தது. பத்து, பதினைந்து, எதை அழுத்தினாலும் அனுப்பியவரிடம் கேட்கவும். போனை அணைத்துப் போட்டாள், வைஃபையை எடுத்துவிட்டுப் போட்டாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து அழுத்தினாள். குப்பை நிறைய சேந்துருச்சுங்கத்தை. அடக் கடவுளே. ஏன் அத்தனை சுலபமாக ஆறு எண்ணையும் கொடுத்தான் என்று இப்போது விளங்கியது. அவள் கையால் நீட்டிய போனில் அவள் மகளின் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டுக் கோழித்தொடையைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். எழுத்து மட்டும் மிச்சம். எழுத்து யாருடையது? ஊமை முக்கோணம், அதற்குக் கீழே துளசிமணி. ஊமை முக்கோணம், கீழே துளசிமணி. கோவத்துல கை நீட்டிருப்பாரு விடு கண்ணு. எதுத்துப் பேசாத. வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் போடு, யாரு கேட்டாலும் பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னு சொல்லு. அப்பாகிட்ட சொல்லிராத, பிரசர் ஏறிக்கும். பல்லு ஆடுதுன்னா ரெண்டு நாளைக்கு கஞ்சி குடி. ஆம்பளைன்னா அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கும்பிடுகிற கை பொம்மை ஒன்று, சிலதுக்கு இரண்டு. கடைசியில் மூன்று நிமிசம் பன்னிரண்டு செகண்டு, கீழே, இப்ப ஒரு விசேசத்துல இருக்கேன், பொறுத்துக்க, பொங்கலுக்கு வரும்போது சிரிச்ச முகமா வா. உரையாடலின் மேலே விரல் வைத்து அழுத்தியபடி இருந்தால் குப்பைத்தொட்டிப் படம் வரும், அது அவளுக்குத் தெரியும், வந்தது, நீக்கவா என்றது. பேக்கப் வரவே இல்லை கண்ணு என்று சொன்னால் யார் என்ன செய்துவிட முடியும். போன் தண்ணீரில் விழுந்தது, பேக்கப் வரவில்லை. நவநீதனும் இதைத்தான் எதிர்பார்த்தான், இதை இவள் ஒருநாளும் வெளியே காட்ட மாட்டாள் என்று, மாமியாரின் வெட்கத்தை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான், முழுசாவே காட்டுங்கத்தை என்று சிரிக்கிறான். மஞ்சளும் சுண்ணாம்பும் எதற்குப் போடச் சொன்னாய் என்று ஒரு ஜட்ஜ் கேட்டால் போதுமே, பல் எதற்கு ஆடியது என்று கேட்டால் போதுமே. அது அவனுக்குத் தோன்றவில்லை, அவளே அதைச் சாட்சியாகப் படிப்பாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. நீக்கவா, நீக்கவா என்று பெட்டி நின்றுகொண்டே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"வந்துச்சாம்மா?" என்றாள் தாரணி, பையைக்கூட இறக்காமல். துளசிமணி வேண்டாம் என்பதை அழுத்தினாள், பெட்டி போயிற்று. "உன்ற பேச்சு ஒண்ணும் வரலை கண்ணு. நான் எழுதுனது மட்டும் வந்திருக்குது" என்று இரண்டு கையாலும் போனை நீட்டினாள். தாரணி வாங்கி வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள், படிக்கிற வேகமே இல்லை அது. "படிக்கலியா?" "எல்லாம் மனப்பாடம்மா." குத்த வேண்டும் என்று சொன்ன மாதிரிகூட இல்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. கடைசி முக்கோணத்தில் அவள் விரல் நின்றது. "இதை நீ கேக்கவே இல்லைல்ல? கேட்டிருந்தா என் போன்ல இந்த மைக் படம் நீலமா மாறியிருக்கும். ஒரு வாரம் எடுத்து எடுத்துப் பாத்தேன். அப்புறம் பாக்கறதை விட்டுட்டேன்." துளசிமணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. "இப்பச் சொல்லு கண்ணு, கேக்கறேன், உக்காந்து கேக்கறேன்" என்றாள். "இப்ப எதுக்கும்மா?" என்றாள் தாரணி, பையிலிருந்து வக்கீலம்மா தந்தனுப்பிய போனை எடுத்தாள். "அஞ்சு மணிக்குள்ள கேட்டிருக்காங்க. அழிச்சு எழுதுனோம்னு சொல்லாம இருக்க, உன் போன் முழுசும் தெரியற மாதிரி போட்டோ எடுக்கணும். நாளைக்கு யாரு எழுதுனதுன்னு கேப்பாங்க." "நான்தான்னு சொல்றேன்." "எதுக்கு எழுதுனன்னும் கேப்பாங்க." "சொல்றேன்." "அவங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்கம்மா." "சொல்றேங்கண்ணு." சன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து நின்று, தாரணி சொன்னபடி போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் எடுத்தாள் மகள், தள்ளு என்றாள், இவள் தள்ளினாள், அடுத்தது எடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் வந்த பக்கத்தில் துளசிமணியின் கட்டைவிரல் தானாக நகர்ந்து எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. தாரணி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெரலை எடும்மா" என்றாள். "தேதி மறையுது."